புதன்கிழமை, ராகு

இந்தக் கதையை நான் முழுசாக நம்பிய நாள் ஒன்றுகூட இல்லை. முப்பத்தேழு வருஷமாகக் கேட்டிருக்கிறேன், பலருக்கு நானே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அச்சில்கூடப் போட்டிருக்கிறேன். இருந்தும் அந்த அதிகாரி கடலில் குதிக்கும் இடம் வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று இடிக்கும். அத்தான் ஒரு சமயம் அவர் பூட்ஸோடு குதித்தார் என்பார், இன்னொரு சமயம் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குதித்தார் என்பார். முங்கிக்கொண்டிருப்பவனைக் காப்பாற்றக் குதிக்கிற ஆள் பூட்ஸை ஓரமாக வைப்பானா என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியவன் நான்தான், செத்துப்போனது என் அண்ணன். இப்போது அந்த அதிகாரி எனக்குப் பத்தடி முன்னால் வெறுங்காலோடு நின்று, சின்ன வெள்ளிக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஒரு புத்தர் சிலையின் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வயது எழுபத்தொன்று. வயதுக்கு ஒன்று கூட்டி எழுபத்திரண்டு கிண்ணம். தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் பிரசாரத்தைத் தொடங்கும் முன் மோல்மீன் மலைப் பகோடாவுக்கு வந்து இப்படி ஊற்றுவார். அவர் மனைவி டோ மியா பக்கத்தில் நின்று மணிமாலையை உருட்டி எண்ணுகிறார். பதினொன்று, பன்னிரண்டு. ஊற்றி முடித்ததும் எல்லோரும் மலை இறங்கித் தமிழர் மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே அவர் பர்மியில் பேசுவார், நான் மைக் முன்னால் நின்று தமிழில் சொல்வேன், அத்தான் மேடையில் உட்கார்ந்து சாட்சியாகத் தலையாட்டுவார். அவர் குதித்த கதை இன்று மறுபடியும் என் வாயால் வர வேண்டும். எழுபத்திரண்டு கிண்ணம் தீர்வதற்குள் நான் அத்தானிடம் ஒன்று கேட்டாக வேண்டும். மண்டபத்தில் ஏறிவிட்டால் அப்புறம் கேட்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

"என்ன மாப்ளே, மொகம் ஏன் இப்பிடி இருக்கு?" என்றார் அத்தான். "ஒண்ணுமில்ல" என்றேன். "காலு சுடுது. மனுஷன் வயசுல ஒரு பத்தைக் குறைச்சுச் சொன்னாத்தான் என்ன? நமக்குப் பத்துக் கிண்ணம் மிச்சம்" என்றார் அவர். அத்தான் பெயர் மாசிலாமணி, அக்கா தெய்வானையைக் கட்டியவர், மளிகைக் கடை வைத்திருப்பவர். அறுபத்திரண்டு வயதிலும் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிற ஆள். சர்க்கரை வியாதியால் பாதத்தில் பாதி உணர்ச்சி போய்விட்டது, இருந்தும் பளிங்குத் தரை சுடுகிறது என்கிறார். எனக்குத்தான் சுடுகிறது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறேன். கீழே தன்லுயின் ஆறு பழுப்பாகப் படுத்துக் கிடக்கிறது, அதற்கு அப்பால் தீவு, அதற்கும் அப்பால் கடல் இருக்கும் என்று நினைக்க வேண்டிய ஒரு வெளிச்சம். அண்ணன் போய்ச் சேர்ந்த இடம் தெற்கே, யே என்கிற ஊருக்கு வெளியே கடலில், இங்கிருந்து தெரியாது. தெரியாத இடத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கமாகிவிட்டது. அத்தானின் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டே அவரோடு இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. நேராகப் பார்த்தால் வலது கண்ணோரம் மெதுவாகத் துடிப்பது தெரியும். அக்கா அதைக் காற்றுக் குத்தல் என்பாள்.

கதை இதுதான். அண்ணன் வைரவனும் அத்தானும் அப்போது கூட்டாளிகள், இரண்டு பேரும் இருபத்தைந்தைத் தொட்டவர்கள். கடைகளில் எதுவும் கிடைக்காத காலம் அது. தாய்லாந்து எல்லையிலிருந்து கைலித் துணியும் ரப்பர் செருப்பும் அஜினமோட்டோ மூட்டையும் ஒரு மோட்டார்ப் படகில் ஏற்றி, கரையை ஒட்டிக்கொண்டே மோல்மீன் கொண்டுவருவார்கள். மோல்மீனில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள், மீதிப் பேர் அதை வாங்கினார்கள். தை மாதம், புதன்கிழமை. "ராகு காலத்துல நங்கூரத்தை எடுக்காதடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், உங்கண்ணன் கேக்கல" என்றுதான் அத்தான் எப்போதும் தொடங்குவார். தலைக்கு நேரே சூரியன். பத்து நிமிஷத்தில் கடற்படை ரோந்துக் கப்பல் பின்னால் வந்துவிட்டது. அண்ணன் பயந்து ஒரு மூட்டையைத் தூக்கிக் கடலில் வீசப் போய்க் கால் வழுக்கி மூட்டையோடு விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியும், ஆனால் மூட்டைக் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. கப்பலின் அதிகாரி, முப்பத்துநாலு வயது லெப்டினன்ட் யே மியத், மேல்தட்டிலிருந்து குதித்தார். அண்ணனின் தலைமுடியைப் பிடித்துவிட்டார். முடி வழுக்கியது, நீரோட்டம் அண்ணனை இழுத்துப் போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. மேலே ஏறி வந்த அதிகாரி ஈர உடுப்போடு அழுதார். வழக்குப் போடவில்லை, படகையும் பிடிக்கவில்லை. போய் அவன் அம்மாவிடம் சொல் என்று அத்தானை அனுப்பிவிட்டார். இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் அத்தான் தண்ணீர் கேட்பார். நாங்கள் யாராவது எழுந்து கொண்டுவந்து கொடுப்போம்.

இருபத்தாறு, இருபத்தேழு. டோ மியாவின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போகிறது. அதிகாரி கை நடுங்காமல் ஊற்றுகிறார். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. கடற்படைக் கை. நாங்கள் அவரைப் போஜி என்போம், பர்மியில் படை அதிகாரிக்கு உள்ள மரியாதைச் சொல். ரோந்துக் கப்பலிலிருந்து தளத்துக்குப் போனார், தளத்திலிருந்து ரங்கூனுக்குப் போனார், கமடோர் பதவியில் ஓய்வு பெற்றார். ஒரே மாதத்தில் வெள்ளை உடுப்பைக் கழற்றிப் பட்டு லுங்கியும் தலைப்பாகையுமாகத் திரும்பி வந்து தேர்தலில் நின்றார். கப்பலில் கட்டளையிட்ட குரலை வீட்டு வாசல்களில் எப்படி மெதுவாக்குவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் தேர்தலின்போது என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டார். "நீதானே வைரவனின் தம்பி? என்னைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தா" என்றார். அந்தப் பெயரை அவர் ஞாபகம் வைத்திருந்தாரே என்று எனக்குக் கண் கலங்கியது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் உட்கார்ந்தேன். என்ன கிழமை, எந்த நேரம் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "புதன்கிழமை, யாஹு" என்றார். யாஹு என்றால் ராகு, பர்மாக்காரர்கள் வாயில் அது அப்படித்தான் விழும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொள்ள வாய்ப்பில்லாத இரண்டு பேர், ஒரு கமடோரும் ஒரு மளிகைக் கடைக்காரரும், ஒரே கிழமையை, ஒரே நேரத்தைச் சொல்கிறார்கள். இனி என்ன சந்தேகம்? நோட்டில் தமிழில் எழுதினேன்: புதன்கிழமை, ராகு காலம், பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள். பதினாறு பக்கப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். எங்கள் வார்டில் தமிழ் ஓட்டு ஒன்றுகூட வேறு பக்கம் போகவில்லை. அவர் மேடையில் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. "ஒரு தமிழ்ப் பிள்ளையின் தலைமுடி இன்னும் என் விரல்களில் சுற்றிக் கிடக்கிறது." அதை நான் தமிழில் சொன்னபோது பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். வாக்கியம் அவருடையது. அழவைத்த தமிழ் என்னுடையது.

"உங்கக்கா மண்டபத்துல பாயசத்தோட நிப்பா" என்றார் அத்தான். "நான் இன்னிக்கும் அதையே சொல்லணுமா மாப்ளே? கேட்டவங்களே கேட்டுக் கேட்டு... எனக்கே நான் சொல்றது யாரோ சொல்ற மாதிரி இருக்கு." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். அவர் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது, நான் மரியாதைக்குச் சிரித்துக் கதவைச் சாத்திவிட்டேன். அண்ணன் போன வருஷமே அத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளையானார். அரிசி மூட்டை தூக்கி வந்தார், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அம்மாவின் கால் புண்ணுக்கு மருந்து போட்டார். ஒன்றரை வருஷத்தில் அக்காவைக் கட்டினார். அம்மா செத்தபோது அண்ணன் வைக்க வேண்டிய கொள்ளியை, நான் இருந்தும், அத்தானும் தொட்டு வைக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் சரி என்றேன். போஜியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியது அம்மா. என் மகள் கனகவல்லி மருத்துவக் கல்லூரிக்குப் போக முழுக் குடியுரிமை அட்டை வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது பச்சை அட்டை, அதை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. போஜி ஒரு கடிதம் எழுதினார், இளஞ்சிவப்பு அட்டை வந்தது. இன்று அவள் தவோய் ஆஸ்பத்திரியில் டாக்டர். ஆகவே நான் யாரை விசாரிக்க வந்திருக்கிறேன்? எங்கள் வீட்டில் எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்தக் குதிப்பின் ஈரம் கையில் ஒட்டுகிறது. சந்தேகப்பட்ட வருஷங்களில்கூட நான் ஒரு தட்டை மறுக்கவில்லை. ஒருவேளை சந்தேகம் என்று நான் சொல்லிக்கொண்டது எல்லாம், வாங்கிக்கொள்ளும்போது கூச்சம் தெரியாமலிருக்க நான் செய்துகொண்ட ஏற்பாடாக இருக்கலாம்.

நாற்பத்தொன்று. போன மாதம் போஜியின் வாழ்க்கை வரலாறு பர்மியில் வந்தது. கனமான வழவழப்புத் தாள், நிறையப் படங்கள். தமிழில் சுருக்கித் தா என்று எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். நடுவில் ஒரு பக்கம் முழுக்க ஒரு புகைப்படம். அவருடைய ரோந்துக் கப்பலின் பழைய நாட்குறிப்பு, விரித்து வைத்தது. அதன் மேல் அவர் வாங்கிய பதக்கத்தை ரிப்பனோடு அழகுக்காக வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அல்லது அவருக்கே அந்தப் பக்கம் பெருமையாக இருந்ததா? பூதக்கண்ணாடி வைத்துத் தேதியைப் படித்தேன். அந்தப் புதன்கிழமை. மேலே ஒரு வரி: 1220, படகு நிறுத்தப்பட்டது, இரண்டு பேர் கப்பலில் ஏற்றப்பட்டனர். பிறகு பதக்கம். பதக்கத்துக்குக் கீழே ஒரு வரி: 1840, ஒருவன் கடலில் விழுந்து காணாமல் போனான். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் பதினெட்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்தேன். மாலை ஆறு நாற்பது. அப்புறம்தான் உறைத்தது. பர்மாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இவர்கள் வாரத்தில் எட்டு நாள். புதன்கிழமையை மதியத்தில் வெட்டி, காலையைப் புதன் என்றும் மதியத்திலிருந்து நள்ளிரவு வரை யாஹு என்றும் வைத்திருக்கிறார்கள். அவரவர் பிறந்த நாளுக்குப் பகோடாவில் ஒரு மூலை. இதோ, போஜி நிற்பது வடமேற்கில், யாஹு மூலையில், தந்தமில்லாத யானை பொம்மைக்கு மேல். அவர் பெயரே யே என்று தொடங்குவது அவர் அந்த அரைநாளில் பிறந்தவர் என்பதால்தான். அவர் சொன்னது அரைநாளை. அத்தான் சொன்னது ஒன்றரை மணி நேரத்தை. இரண்டுக்கும் ஒரே பெயர். அம்பது வருஷம் இந்த ஊரில் புழங்கியும், தமிழில் எழுதப் பேனாவைப் பிடித்த உடனே என் கை காலண்டர்த் தாளின் ராகு காலத்துக்குப் போய்விட்டது. சாட்சிகள் இரண்டு பேரும் ஒத்துப்போகவே இல்லை. அவர்களை ஒத்துப்போக வைத்தவன் நான்.

அப்படியானால் அண்ணன் மதியம் விழவில்லை. காலில் கயிறு சுற்றவில்லை. நடந்து, ஏணியில் ஏறி, கப்பலுக்குப் போயிருக்கிறான். ஆறு மணி இருபது நிமிஷம் அங்கே இருந்திருக்கிறான். அந்த நேரத்தில் இங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். காலேஜ் பரீட்சைக்குப் படித்தேன், சாப்பிட்டேன், ஆற்றங்கரைத் தெருவில் நடந்தேன், ஆறு மணிக்கு அம்மா விளக்கு வைத்தாள், அப்போது அவன் உயிரோடு இருந்தான். அவனிடம் அவர்கள் என்ன கேட்டார்கள்? சரக்கு யாருடையது, கரையில் வாங்குகிறவன் யார், வேறு எந்தப் படகுகள் வருகின்றன என்று கேட்டிருப்பார்கள். அண்ணன் வாய் திறந்திருக்க மாட்டான், பிடிவாதக்காரன். அத்தான்? அத்தானைப் படகோடு, சரக்கோடு விட்டுவிட்டார்களே. எதற்காக விட்டார்கள்? வழக்கில்லாமல், படகைப் பிடிக்காமல். இதை இரக்கம் என்று நாங்கள் பெயர் வைத்தோம். அந்த மாதத்தில் இன்னும் மூன்று படகுகள் பிடிபட்டன என்பது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது, அப்போதும் ஞாபகம் இருந்திருக்கும், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தலைமுடியைப் பிடித்ததாக இருவருமே சொல்கிறார்கள். அதுமட்டும் உண்மையாக இருக்கும். கை முடியைப் பிடித்துத்தான் இருக்கும். மேலே இழுக்கவா என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. இதற்கு மேல் யோசித்தால் போஜியின் கை தெரிகிறது, இதோ சிந்தாமல் ஊற்றுகிற இதே கை. நான் யோசிப்பதை நிறுத்திக்கொண்டு அத்தானிடம் திரும்புகிறேன். போஜி என்னை ஏமாற்றியது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அவர் எனக்கு யார்? ஒரு கப்பல்காரர், ஓட்டுக் கேட்கிறவர், அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் அத்தான் என் அம்மாவின் காலில் மருந்து போட்டவர். என் மகளை முதன்முதலில் தூக்கியவர். அந்த அன்பெல்லாம் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்தால் எவ்வளவு சுலபம். அது உண்மையாக இருந்து, அதற்கு அடியில் இது இருந்தால், நான் எதை எடுத்துப் போடுவது, எதை வைத்துக்கொள்வது? அக்காவிடம் போய் என்ன சொல்வது? முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தைக் கழித்துக் காட்டுவதற்கு அது கணக்கா? அல்லது அவளுக்குத் தெரியுமா? தூக்கத்தில் இவர் ஏதாவது உளறி, அவள் கேட்டுக்கொண்டு, காலையில் இட்லி ஊற்றியிருப்பாளா? இதுவரை எனக்குத் தோன்றாத இந்த நினைப்பு இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐம்பத்தெட்டு. போஜி கையை நிறுத்தி முதுகை நிமிர்த்தினார். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏய் மாஸி, நிழலில் போய் நில். உனக்குச் சர்க்கரை, மயங்கி விழுந்தால் என் சாட்சி போய்விடும்" என்று பர்மியில் சொன்னார். அத்தான் பதிலுக்குப் பர்மியிலேயே, "உங்களுக்கு வயதாகாமல் இருந்தால் நான் எப்போதோ நிழலுக்குப் போயிருப்பேன் போஜி" என்றார். டோ மியா எண்ணிக்கையை விடாமலே புன்னகைத்தார். பழகியவர்களின் பேச்சு. எனக்குத் திடீரென்று ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை வருஷத்தில் இந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது அத்தானின் கண்ணோரம் துடித்ததில்லை. எங்களைப் பார்க்கும்போதுதான் துடித்தது. அவருக்கு எதிரில் இவருக்கு மறைக்க எதுவும் இல்லை. உலகத்தில் இவர் நிம்மதியாக முகத்துக்கு முகம் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது பொறாமை மாதிரி ஒன்று.

அறுபத்திரண்டு. எப்படிக் கேட்பது? காட்டிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார், அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முப்பத்தேழு வருஷமாகத் தயாராக இருக்கிறார். எத்தனை மணிக்கு அண்ணன் விழுந்தான் என்று கேட்டால், ராகு காலம் என்பார். புத்தகத்தைக் காட்டினால் கடற்படைக்காரன் தப்பாக எழுதியிருப்பான் என்பார், நான் அதையும் நம்பத் தயாராகிவிடுவேன், என் கால் ஏற்கனவே அந்தப் பக்கம் நகர்கிறது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்பது சினிமா. அக்காமேல் சத்தியம் என்று கேட்டால் அக்காவை நடுவில் இழுத்துவிட்ட பாவம் எனக்கு. ஒரு மாதமாக எல்லாக் கேள்வியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் அவர் நுழைந்து வெளியேற ஒரு சந்து இருந்தது. அதைவிட மோசம், நானும் அவர் பின்னாலேயே வெளியேற அதே சந்து போதுமானதாக இருந்தது. எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது எது? யார் குற்றவாளி என்பதா? அது இல்லை. தம்பிக்கு அதைவிடச் சின்னதாக ஒன்று வேண்டியிருந்தது. அண்ணன் கடைசியாகப் பேசிய பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. அது இந்த ஆளிடம்தான் இருக்கிறது.

அறுபத்தேழு. மண்டபத்தில் மைக்கைச் சோதிக்கிற சத்தம் மலை மேல்வரை கேட்டது, யாரோ என் பெயரைச் சொல்லி வரவேற்பு ஒத்திகை பார்த்தார்கள். அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு புறப்பட ஆயத்தமானார். "வா மாப்ளே, முன்னாடி போயிடுவோம், எறங்க எனக்கு நேரமாகும்" என்று என் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். படி இறங்கும்போது பிடிப்பதைப் போலத்தான் பிடித்தேன், ஆனால் நான் நகரவில்லை. அவர் என்ன என்று என்னைப் பார்த்தார். நான் அவர் தோளுக்கு மேலே பார்க்காமல் அவர் கண்ணைப் பார்த்தேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது, கடையில் விலை கேட்கிற மாதிரி.

"அத்தான், அன்னிக்குச் சாயங்காலம் உங்களை மட்டும் எறக்கிவிட்டாங்களே, நீங்க ஏணியில கால வைக்கிறப்ப அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"